ஈரக் காற்றில் ஃபியூமிகேஷன்: ஆபரேஷன் தியேட்டரில் ஸ்போரைக் கொல்ல முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை கடைசி கேஸ் முடிந்ததும் ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டி, ஃபாகரை (மருந்தைப் புகைபோலத் தெளிக்கும் எந்திரம்) ஓடவிட்டு, திங்கள் காலை கதவைத் திறப்பது. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஃபியூமிகேஷன் என்றால் மனதில் வருவது இதுதான். கதவைத் திறக்கும்போது கண் எரிந்தால் நன்றாக நடந்திருக்கிறது, எரியாவிட்டால் மருந்து சரியில்லை. "இப்பிடி எரியுதே சிஸ்டர், எல்லாம் செத்திருக்கும்லா?" என்று துப்புரவு செய்யும் அக்காமார் கேட்பார்கள். கண் எரிவதற்கும் ஸ்போர் (சில பாக்டீரியாக்கள் எடுக்கும் கெட்டியான உறக்க வடிவம்) சாவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இந்த வழிகாட்டி, ஆவியைக் கொண்டு ஓர் அறையின் பரப்புகளில் உள்ள பாக்டீரியா ஸ்போர்களை உண்மையிலேயே கொல்வது எப்படி, கொன்றோம் என்று தெரிந்துகொள்வது எப்படி என்பதைப் பற்றியது. தியேட்டர் டெக்னீஷியன்கள், சிஸ்டர்மார், மருத்துவமனையை நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வாழைத் திசு வளர்ப்புக் கூடம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்போர் ஏன் இவ்வளவு பிடிவாதம்

பேசில்லஸ், குளோஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் உணவு குறையும்போது தங்களுக்குள்ளேயே ஒரு கெட்டியான ஸ்போரை உருவாக்கிக்கொள்கின்றன. நடுவில் தண்ணீர் வற்றிய மையப்பகுதி, அதில் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் நிறைந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு தடித்த அடுக்கு, அதற்கும் வெளியே புரத உறைகள். உயிர் இருக்கிறது, ஆனால் எந்த வேலையும் நடக்கவில்லை. நாம் கொல்லப் பயன்படுத்தும் பெரும்பாலான மருந்துகள் வேலை நடந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் தாக்கும். அதனால்தான் ஸ்பிரிட் ஸ்போரைக் கொல்லாது. தரை துடைக்கும் குவாட்டர்னரி அமோனியம் மருந்துகளும் கொல்லாது. 1876-இல் ஜெர்மன் உயிரியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் பேசில்லஸ் சப்டிலிஸின் ஸ்போர்களைப் பற்றி எழுதியபோதே, அவை கொதிநீரையும் தாங்குகின்றன என்பது தெரிந்துவிட்டது.

டெட்டனஸ், கேஸ் காங்கிரீன், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் சி.டிஃபிசில் வயிற்றுப்போக்கு எல்லாம் ஸ்போர் போடும் கூட்டத்தைச் சேர்ந்தவை. மண்ணிலும் தூசியிலும் பேசில்லஸ் ஸ்போர் எப்போதும் உண்டு. கட்டட வேலை நடந்த தியேட்டரில் சுவாப் எடுத்தால் முதலில் முளைப்பது பெரும்பாலும் அதுதான்.

முதலில் ஒரு கேள்வி: தேவையா?

வாராவாரம் பழக்கமாகப் புகை போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நோயாளிகளைக் கவனிக்கும் இடங்களில் கிருமிநாசினியை ஃபாக் செய்வதை வழக்கமான வேலையாகச் செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னது. தியேட்டரைத் தினமும் காப்பாற்றுவது காற்றோட்டமும் கைதுடைப்பும். வடிகட்டிய காற்று மணிக்கு 20 முறை மாறும் அறையில், ஒவ்வொரு கேஸுக்கும் இடையில் ஒழுங்காகத் துடைத்தால், ஆவிக்கு வேலை குறைவு.

இந்த விவாதம் புதிதல்ல. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் அறுவை நடக்கும்போதே கார்பாலிக் அமிலத்தைக் காற்றில் தெளிக்க வைத்தார். டாக்டர்களின் கையும் நுரையீரலும் புண்ணானதுதான் மிச்சம். காயத்தைக் கெடுப்பது காற்றில் மிதக்கும் கிருமியைவிடக் கையும் கருவியும்தான் என்று தெரிந்தபின், 1890-இல் பெர்லினில் நடந்த மாநாட்டில், அந்தத் தெளிப்பைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாக அவரே சொன்னார்.

ஆவி தேவைப்படும் சந்தர்ப்பங்கள் குறைவு, ஆனால் உண்டு. புதிய தியேட்டரைத் திறக்கும்போது, சீலிங் உடைத்து வேலை செய்தபின், மழையில் கூரை ஒழுகித் தண்ணீர் உள்ளே வந்தபின், சி.டிஃபிசில் அடுத்தடுத்துப் பரவும் வார்டில், ஏ.எச்.யு. (காற்றை வடிகட்டி அறைக்கு அனுப்பும் எந்திரம்) வடிகட்டியைக் கழற்றி மாட்டியபின், பயோசேஃப்டி கேபினெட்டைத் (கிருமிகளைக் கையாளும் லேப் பெட்டி) திறந்து பழுது பார்ப்பதற்கு முன். கருவிகளுக்கு மட்டும் இது ஒருபோதும் மாற்று ஆகாது. கத்தியும் ஃபோர்செப்ஸும் ஆட்டோகிளேவுக்கே போக வேண்டும்.

எந்த ஆவி

ஃபார்மலினில், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீரில், தொடங்குவோம். இன்னும் பல ஸ்டோர்களில் அந்தப் பழுப்பு நிற பாட்டில் இருக்கிறது. 1000 கன அடிக்கு 500 மில்லி ஃபார்மலின் என்ற பழைய கணக்கும் பலருக்கு மனப்பாடம். அது ஸ்போரைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகக் கொல்லும், இரவு முழுக்க வேண்டும், காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அது இங்கே எளிதாகவே ஓடியது. ஆனால் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அம்மோனியா வைத்து நடுநிலைப்படுத்தினாலும் சுவரில் வெள்ளைப் பொடியாகப் படிந்தது பிறகு மெல்ல மெல்ல ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் போட்டு ஃபார்மலினை ஊற்றும் முறை அதைவிட மோசம். சில நொடிகளில் கொதித்துப் பொங்கும், தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. ஃபார்மலின் புழங்கும் இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட டாய்லெட் கிளீனரைத் திறந்து வைத்தால் இன்னொரு கொடிய புற்றுநோய்ப் பொருள் உண்டாகலாம். இந்த முறையை விட்டுவிடுங்கள்.

எத்திலீன் ஆக்சைடு அறைக்கு உரியதே அல்ல. அது தீப்பற்றும் வாயு, புற்றுநோயும் தரும். மூடிய சேம்பருக்குள் கருவிகளுக்கு மட்டும்.

குளோரின் டை ஆக்சைடு பெரிய கட்டடங்களில் தன்னை நிரூபித்த வாயு. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் ஸ்போர் வைத்த கடிதங்கள் வந்தபோது, செனட் அலுவலகக் கட்டடத்தின் ஒரு பகுதியையும் பின்னர் பெரிய தபால் நிலையம் ஒன்றையும் இதை வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள். அதற்கும் ஈரம் 75 சதவீதம் போல வேண்டும். ஆனால் இடத்திலேயே தயாரிக்க வேண்டும், உலோகத்தை அரிக்கும், கண்காணிப்புக்கு ஆட்கள் வேண்டும். சின்ன மருத்துவமனைக்கு ஒத்து வராது.

மிச்சம் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி. கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைந்துபோகும், எச்சம் இல்லை, சில மணி நேரத்தில் வேலை முடியும். இனி வருவது எல்லாம் இதைப் பற்றியே.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடைகளில் "ஹைட்ரஜன் பெராக்சைடு, சில்வர்" என்று எழுதிய கேனும் அதோடு ஃபாகரும் விற்கிறார்கள். ஃபாகர் தெளிப்பது துளிகளை. துளி கனமானது, மேலே போய்க் கீழே விழும். மேசையின் மேல்பக்கம் நனையும், அடிப்பக்கம் நனையாது. ஆவி எந்திரமோ 30 முதல் 35 சதவீதப் பெராக்சைடுக் கரைசலைச் சூடான தட்டில் விட்டு முழுக்க வாயுவாக்கி அறைக்குள் ஊதுகிறது. வாயு என்பதால் மூலைக்கும் அடிப்பக்கத்துக்கும் போகும். ஃபாகரும் கிருமிகளைக் குறைக்கும், ஆனால் ஸ்போர் முழுக்கச் செத்தது என்று சொல்ல அதை வைத்து முடிவது அரிது. இரண்டும் ஒன்று என்று சொல்லி விற்க வருபவரிடம் ஸ்போர் சோதனை முடிவைக் கேளுங்கள். ஆவி எந்திரம் விலை அதிகம். வருடத்தில் ஓரிரு முறைதான் தேவை என்றால், எந்திரத்தோடு வந்து செய்து கொடுக்கும் சேவை நிறுவனத்தை அழைப்பதே சரி. அவர்கள் வரும்போதும் கீழே சொல்லும் தயாரிப்புகள் உங்கள் பொறுப்புதான்.

படி 1: கழுவுதல்

பாதி வெற்றி இங்கேதான். காய்ந்த ரத்தத்தில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடை நொடியில் உடைத்துவிடும். காயத்தில் பெராக்சைடு விட்டால் நுரைப்பதும் இதனால்தான். ரத்தத் துளிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஸ்போருக்கு அறை முழுக்க ஆவி இருந்தும் ஒன்றும் ஆகாது. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய பிளாஸ்டர் ஒட்டின பசை எல்லாமே இப்படிக் குடை பிடிக்கும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கடல்காற்று வீசும் பக்கத்து ஜன்னல், ஏ.சி. வரும் வழி, இரும்பு ரேக் இவற்றில் உப்புப் படியும். உப்புப் படிகத்துக்குள் மாட்டிக்கொண்ட ஸ்போரை எந்த வாயுவும் எளிதில் தொட முடியாது. துருவும் அப்படித்தான், அது பெராக்சைடை உடைக்கும். துருப்பிடித்த ஸ்டாண்டைத் தேய்த்து பெயின்ட் அடியுங்கள், இல்லையென்றால் வெளியே தூக்கிப் போடுங்கள்.

முறை இது: சீலிங்கிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. தியேட்டர் லைட்டின் மேல்பக்கம், மேசையின் அடிப்பகுதி, சக்கரங்கள், அனஸ்தீசியா எந்திரத்தின் பின்பக்கம், டிராயரின் உள்பக்கம் இவைதான் எப்போதும் விடுபடும் இடங்கள். சி.டிஃபிசில் இருந்த அறை என்றால் சோப்புக்குப் பிறகு 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் துடைத்து 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். 5 சதவீதக் கரைசல் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். அன்றன்று கலக்குங்கள், வெயிலில் வைத்த கேன் சக்தி இழந்திருக்கும். பிறகு தண்ணீரில் துடைத்து எடுங்கள், உலோகத்தை அரிக்கும்.

படி 2: எதை வெளியே எடுப்பது

பெராக்சைடைக் குடிக்கும் பொருள்கள் எல்லாம் வெளியே. அட்டைப்பெட்டி, கேஸ் ஷீட், பஞ்சு, காஸ், துணிக் கட்டு, மெத்தை, மரப்பலகை. இவை ஆவியை உறிஞ்சி அறையில் அளவைக் குறைக்கும், பிறகு மணிக்கணக்காக மெல்லத் திருப்பி விடும். அறையைத் திறக்கத் தாமதம் ஆவதற்கு முக்கால்வாசிக் காரணம் உள்ளே மறந்துவிட்ட அட்டைப்பெட்டிகள்தான்.

செம்பு, பித்தளை, வெள்ளி இவையும் ஆவியை உடைக்கும். பல தியேட்டர்களின் முன்னறையில் சாமி படமோ சிலுவையோ, அதன் முன்னால் ஒரு பித்தளைக் குத்துவிளக்கோ இருக்கும். மரியாதையாக எடுத்து வேறு அறையில் வையுங்கள். வாயு பைப்பின் செம்பு இணைப்புகளை எடுக்க முடியாது. அவற்றுக்கு அருகில் ஸ்போர் பட்டை (ஸ்போர் செத்ததா என்று காட்டும் சோதனைப் பட்டை, படி 6-இல் வரும்) ஒன்று வைக்க நினைவில் வையுங்கள்.

கழுவிய தட்டு, பேசின், ஸ்க்ரப் தொட்டி ஒன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. தேங்கிய தண்ணீர் பெராக்சைடை இழுத்துக்கொள்ளும். தரை வடிகாலையும் உலர்த்தி மூடுங்கள். டிராயர்களைத் திறந்து வையுங்கள், ஆவி மூடிய டிராயருக்குள் போகாது. மானிட்டர், வென்டிலேட்டர் போன்றவற்றின் கையேட்டில் பெராக்சைடு ஆவி ஏற்குமா என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

படி 3: அளவு எடுத்துக் கணக்குப் போடுதல்

20 அடிக்கு 18 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 3600 கன அடி. 35.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 102 கன மீட்டர். ஸ்போரைக் கொல்லும் அறை ஆவி அளவு வழக்கமாகச் சில நூறு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு என்பது 1 பிபிஎம்). 300 பிபிஎம் என்று எடுத்தால், 1 பிபிஎம் என்பது கன மீட்டருக்குச் சுமார் 1.4 மில்லிகிராம், ஆக மொத்தம் சுமார் 43 கிராம் பெராக்சைடு காற்றில் மிதக்க வேண்டும். 35 சதவீதக் கரைசலில் இது ஏறக்குறைய 110 மில்லிதான். ஒரு டம்ளர் கூட இல்லை. ஆனால் சுவர், தரை, உலோகம் எல்லாம் அதைத் தொடர்ந்து உடைத்துக்கொண்டே இருப்பதால் எந்திரம் விடாமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். மொத்தச் செலவு இதைப்போல் பல மடங்கு ஆகும். எவ்வளவு என்பது உங்கள் அறையைப் பொறுத்தது, அதை ஸ்போர் பட்டை சொல்லும்.

படி 4: ஈரத்தை இறக்குதல்

வெளியூர்க் கையேடுகளைப் படித்துவிட்டு இங்கே செய்பவர்கள் சறுக்கும் இடம் இது. நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளுக்கு இரண்டில் ஒன்றுதான் பெரிய மழை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது இங்கே சாதாரணம்.

மேலே சொன்ன அதே அறையில், 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈரம் 80 சதவீதம் என்றால், காற்றில் மட்டும் சுமார் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. உலர் ஆவி எந்திரங்கள் 40 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கிய பிறகே ஊதத் தொடங்கும்படி அமைக்கப்பட்டவை. அதாவது 1 லிட்டருக்கு மேல் தண்ணீரை முதலில் வெளியே எடுக்க வேண்டும். சுவரிலும் தரையிலும் இருந்து ஊறி வருவது தனி.

எடுக்காவிட்டால் என்ன? ஏற்கெனவே நிரம்பிய காற்றில் பெராக்சைடுக்கு இடம் குறைவு. கொஞ்சம் ஊதியதுமே குளிர்ந்த பரப்பாகப் பார்த்துப் பனித்துவிடும். ஒரு மூலையில் செறிவான பெராக்சைடு துளித்துளியாக நிற்கும், பெயின்ட் கொப்பளிக்கும், வினைல் தரை வெளுக்கும். இன்னொரு மூலைக்கு ஆவியே போய்ச் சேராது. வேண்டுமென்றே மெல்லிய பனிப்படலம் உண்டாக்கி வேலை செய்யும் எந்திரங்களும் இருக்கின்றன. அவையும் குறைந்த ஈரத்திலிருந்து தொடங்கித்தான் அதைக் கட்டுப்பாட்டோடு செய்கின்றன.

நல்ல டீஹியூமிடிஃபயர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் எந்திரம்) ஒன்று இல்லாமல் நம் ஊரில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முதல் நாள் இரவே ஓட விடுங்கள். கழுவிய உடனே ஆவி போட அவசரப்படுவது வீண், கழுவிய தண்ணீர் முழுக்க இன்னும் அறையில்தான் இருக்கிறது. ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை: தியேட்டரை 20 டிகிரிக்குக் குளிர வைத்து ஏ.சி.யை நிறுத்திய கையோடு ஆவி விட்டால், குளிர்ந்த சுவரில் பனிப்பு நிச்சயம். ஏ.சி. நின்றபின் டீஹியூமிடிஃபயர் மட்டும் ஓட, அறையும் சுவரும் 25 டிகிரி அளவுக்கு வரட்டும். ஈரத்தை அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரை எந்திரத்திலிருந்து தூரத்து மூலையில் வைத்துக் கண்ணாடி வழியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வசதி இருந்தால் இந்த வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்வேன். மழையில் கூரை ஒழுகிய பிறகு அப்படிக் காத்திருக்க முடியாதுதான்.

படி 5: அறையை அடைத்தல்

ஏ.எச்.யு.வின் உள்வழி, வெளிவழி டாம்பர்களை (காற்றுவழித் தடுப்புகள்) மூடி, கிரில் மேல் பாலிதீன் ஷீட்டை டேப்பால் ஒட்டுங்கள். கதவுச் சந்து, ஜன்னல் ஓரம், வயர் போகும் ஓட்டை, ஆக்சிஜன் பைப் சுவரில் நுழையும் இடம், பாஸ் பாக்ஸ் (பொருள்களைக் கைமாற்றும் சுவர்ப் பெட்டி) இவற்றையும் அடையுங்கள். பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு உருவாக்கிய தியேட்டர் என்றால் சீலிங் ஓடுகளின் இடுக்குகள்தான் பெரிய தலைவலி. மேலே ஒழுகும் ஆவி பக்கத்து வார்டின் சீலிங்கில் போய் இறங்கும். அப்படிப்பட்ட அறையில் ஆவி போடுவதே சரியா என்று யோசியுங்கள். கையால் ஸ்போரிசைடு (ஸ்போரைக் கொல்லும்) மருந்தைத் துடைப்பது பல நேரம் மேலானது.

புகை அலாரத்தை நிறுத்த வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்க வேண்டும். கதவில் தமிழிலும், தேவையானால் மலையாளத்திலும் இந்தியிலும் எச்சரிக்கை ஒட்டுங்கள். செக்யூரிட்டி அண்ணன்கள், இரவு ஷிஃப்ட் ஆள்கள் எல்லாரிடமும் நேரில் சொல்லுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அடைப்பதற்கு முன் உள்ளே ஒருவரும் இல்லை என்று டாய்லெட், ஸ்டோர் உள்பட நடந்து பார்த்து வாருங்கள்.

கரன்ட் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ரப்பர் மரம் லைனில் விழுந்து கரன்ட் போவது நமக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பாதிச் சுழற்சியில் கரன்ட் போனால் அது தோல்வியடைந்த சுழற்சி, முதலிலிருந்து செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், காற்றோட்ட மோட்டாரும் நின்றுபோய் அறைக்குள் ஆவி அப்படியே நிற்கும். எந்திரமும் எக்ஸாஸ்டும் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஸ்போர் பட்டை வைத்தல்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வட்டிலில் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் 10 லட்சம் பூசி, டைவெக் (ஆவியை உள்ளே விடும் செயற்கைத் தாள்) உறையில் போட்டு விற்கிறார்கள். பெராக்சைடு ஆவிக்கு இதுவே உரியது. எத்திலீன் ஆக்சைடுக்கான பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் பட்டையை வாங்கிவிடாதீர்கள். காகிதத்தில் பூசிய பட்டையும் வேண்டாம், காகிதம் ஆவியை உறிஞ்சும்.

ஆவி எளிதாகப் போகும் இடத்தில் வைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதில் பயன் இல்லை. கதவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், திறந்த டிராயரின் உள்மூலையில், எந்திரத்திலிருந்து தூரத்து மேல்மூலை, கீழ்மூலை இரண்டிலும், அனஸ்தீசியா எந்திரத்தின் பின்னால், லைட்டின் மேலே. முதல் முறை ஓர் அறையில் செய்யும்போது 10, 15 இடமாவது வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, அறையின் வரைபடத்தில் குறியுங்கள். பக்கத்தில் நிறம் மாறும் கெமிக்கல் இண்டிகேட்டர் ஒன்றும் ஒட்டலாம். அது ஆவி அங்கே வந்தது என்று மட்டும் சொல்லும், கொன்றது என்று சொல்லாது. ஆவி சுற்றிவர ஓரிரு மேசை விசிறிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

படி 7: சுழற்சியை ஓடவிடுதல்

எந்திரத்துக்கு நான்கு கட்டம் உண்டு: ஈரம் இறக்குதல், ஆவியின் அளவை வேகமாக ஏற்றுதல், அந்த அளவிலேயே நிறுத்தி வைத்தல், கடைசியில் காற்றோட்டம். நடுவில் நிறுத்தி வைக்கும் நேரம்தான் கொல்லும் நேரம்.

அந்த நேரத்தை எப்படி முடிவு செய்வது? குறிப்பிட்ட அளவு ஆவியில், ஸ்போர்களில் 90 சதவீதம் சாக எடுக்கும் நேரத்துக்கு டி மதிப்பு என்று பெயர். 10 லட்சத்தில் 90 சதவீதம் செத்தால் 1 லட்சம் மிச்சம், அடுத்த டி நேரத்தில் 10 ஆயிரம். இப்படி ஆறு முறை போனால் ஒன்று மிச்சம். அந்த ஒன்றும் வேண்டாம் என்றால் இன்னும் போக வேண்டும். நடைமுறையில் செய்வது இது: எல்லாப் பட்டைகளும் சாகும் மிகக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடித்து, வழக்கமான சுழற்சிக்கு அதை இரட்டிப்பாக்குவது. உங்கள் அறைக்கு நீங்கள் கண்டுபிடித்த நேரம் பக்கத்து அறைக்குப் பொருந்தாது.

35 சதவீதக் கரைசலைக் கையாள்பவர் முகத்துக்கு ஷீல்டு, நைட்ரைல் அல்லது நியோபிரீன் கையுறை, ஏப்ரன் அணிய வேண்டும். தோலில் பட்டால் வெள்ளையாகிக் குத்தும், உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கண் டாக்டரிடம். சிந்தினால் தண்ணீர் ஊற்றியே கழுவுங்கள். சாக்குத் துணியோ மரத்தூளோ போட்டுத் துடைத்து மூலையில் எறிந்தால் பிறகு தானாகத் தீப்பிடிக்கலாம். எந்திரத்தில் மிஞ்சியதைக் கேனில் திருப்பி ஊற்றக் கூடாது. ஒரு துளி அழுக்கு போதும், உள்ளே உடைந்து வாயு சேர்ந்து கேன் உப்பும். காற்று விடும் மூடி உள்ள கேனையே வாங்கி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், ஸ்பிரிட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

சுழற்சி ஓடும் நேரம் முழுக்கக் கதவுக்கு வெளியே ஒருவர் பெராக்சைடு மீட்டரோடு இருக்க வேண்டும். டேப் ஒட்டிய இடங்களைச் சுற்றி மீட்டரைக் காட்டி நடக்க வேண்டும். 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 1 பிபிஎம். 75 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து. அறைக்குள் இருப்பதோ 300. வெளியே 1-ஐத் தாண்டினால் ஊதுவதை நிறுத்திவிட்டு ஒழுகும் இடத்தை அடையுங்கள். சர்ஜிகல் மாஸ்க்கும் என்95-உம் ஆவியைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு "ஒரு நிமிடம்" உள்ளே போய் வருவது நடக்கவே கூடாது.

படி 8: காற்றோட்டமும் திறப்பும்

ஃபார்மலின் 1 பிபிஎம்முக்குக் கீழேயே மூக்கில் ஏறிவிடும். பெராக்சைடு அப்படி இல்லை, பெரிய வாசம் கிடையாது. பழக்கத்தில் மூக்கை நம்பிக் கதவைத் திறப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. மீட்டர் 1 பிபிஎம்முக்குக் கீழே காட்டிய பிறகே திறக்க வேண்டும். திறந்தபின் எந்திரத்தை நிறுத்தி அரை மணி கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். உறிஞ்சி வைத்திருந்த பொருள்கள் திருப்பி விட்டால் எண் ஏறும். ஏறினால் கதவை மூடி இன்னும் காற்றோட்டம். தியேட்டரின் ஏ.எச்.யு.வைத் திறந்துவிட்டால் வேகமாக இறங்கும், ஆனால் வெளிவழி எங்கே திறக்கிறது என்று முதலில் பாருங்கள். வார்டு ஜன்னலுக்குக் கீழே திறந்தால் அதை வைத்துக் காற்றை வெளியேற்றக் கூடாது.

படி 9: பட்டையை வளர்த்துப் பார்த்தல்

பட்டைகளை எடுத்து, கையுறையோடு, சுத்தமான முறையில் டிரிப்டிக் சோயா குழம்பில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டத் திரவம்) போட்டு 55 முதல் 60 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊரில் உள்ள பெரும்பாலான லேப்களில் இருப்பது மனிதக் கிருமிகளுக்கான 37 டிகிரி இன்குபேட்டர். இந்த ஸ்போர் சூடு பிடித்த கூட்டம், 37 டிகிரியில் உயிரோடு இருந்தாலும் முளைக்காது. அப்படி வைத்தால் எல்லாக் குழாயும் தெளிவாகவே இருக்கும், ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை" என்று எழுதி வந்துவிடும். லேபிடம் பட்டையைக் கொடுக்கும் முன் இன்குபேட்டரின் வெப்பம் என்ன என்று கேளுங்கள்.

அதனால்தான் அறைக்குள் வைக்காத பட்டை ஒன்றையும் கூடவே வளர்க்கச் சொல்கிறார்கள். அது முளைக்க வேண்டும். முளைக்கவில்லை என்றால் பட்டை காலாவதியானது, அல்லது இன்குபேட்டர் தவறு. எப்படியானாலும் அந்தச் சோதனை செல்லாது. பட்டை போடாத வெறும் குழம்பு ஒன்றும் வேண்டும், அது தெளிவாக இருக்க வேண்டும்.

7 நாள் தியேட்டரை மூடி வைக்க முடியாது என்பது புரிகிறது. அதற்காகத்தான் முதல் முறையே நேரத்தைச் சோதித்து உறுதி செய்து வைப்பது. அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே கரைசல் அளவு, அதே ஈரம், அதே நேரம், அதே பொருள்கள் என்று ஓட்டி, கெமிக்கல் இண்டிகேட்டரையும் எந்திரத்தின் பதிவையும் பார்த்துத் தியேட்டரைத் திறக்கலாம். பட்டை முடிவு பின்னால் வந்து அதை உறுதி செய்யும். தேதி, தொடக்க ஈரம், வெப்பம், எவ்வளவு கரைசல் செலவானது, எந்தப் பட்டை எங்கே, யார் கதவைத் திறந்தது, அப்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என எல்லாம் ஒரே ரெஜிஸ்டரில்.

ஒரு பட்டை மட்டும் முளைத்தால்

உடனே "நேரத்தைக் கூட்டு" என்பார்கள். கூட்டாதீர்கள், முதலில் வரைபடத்தில் அந்த எண்ணைப் பாருங்கள். ஒரே மூலை என்றால் விசிறி அங்கே போகவில்லை, அல்லது பக்கத்தில் அட்டையோ துருவோ செம்போ இருக்கிறது. டிராயர் என்றால் அது மூடிக்கொண்டிருக்கும். சிதறலாகப் பல இடங்களில் முளைத்தால் தொடக்க ஈரத்தைப் பாருங்கள், நம் ஊரில் பெரும்பாலும் அதுதான். எல்லாமே முளைத்தால் கரைசல் பழையது, அல்லது எந்திரத்தின் சூடேற்றி வேலை செய்யவில்லை. காரணத்தைச் சரிசெய்து, அந்த இடத்தில் இரண்டு பட்டை வைத்து, முழுச் சுழற்சியையும் மறுபடி ஓட்டுங்கள். அதற்குள் அந்த அறையில் அவசர கேஸ் வந்தால், கையால் ஸ்போரிசைடு மருந்து துடைத்து, மருந்தின் லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டு, பிறகு கேஸை எடுக்கலாம்.